இரும்பைத் தொடாமல் அறியும் கருவி: ப்ராக்சிமிட்டி சென்சாரைத் தேர்ந்தெடுப்பதும் பயன்படுத்துவதும்

பட்டறையில் "அண்ணே, ப்ராக்ஸி அடிக்கலை" என்று ஒரு குரல் கேட்டால், மெஷின் நின்றுவிட்டது என்று பொருள். ப்ராக்ஸி என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது இண்டக்டிவ் ப்ராக்சிமிட்டி சென்சார். விரல் பருமனில் மரை போட்ட ஓர் உருளை. முன்னால் பிளாஸ்டிக் முகம், பின்னால் வயர், பக்கத்தில் ஒரு சின்ன எல்இடி. எதிரே உலோகம் வந்தால் எல்இடி எரியும், வயரில் சிக்னல் வரும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அந்த வேலை சரியாக நடக்காவிட்டால் ஒரு ஷிப்ட் உற்பத்தி போகும். செய்ய முடியாத வேலையை அதன் தலையில் கட்டினால் ஒருவருடைய விரலே போகும்.

கிண்டியில் 1958-இல் தொழிற்பேட்டை வந்தது. தாம்பரம் சானடோரியத்தில் 1984-இல் மெப்ஸ் என்கிற ஏற்றுமதி மண்டலம் வந்தது. பிறகு திருமுடிவாக்கம், மறைமலை நகர், ஒரகடம் என்று தென்சென்னைப் புறநகர் முழுக்கத் தொழிற்கூடங்கள் பெருகின. நான்கு பேர் வேலை செய்யும் லேத் பட்டறையிலிருந்து நானூறு பேர் வேலை செய்யும் பிரஸ் ஷாப் வரை இந்தச் சென்சார் இல்லாத இடம் குறைவு. நீங்கள் பட்டறை நடத்துபவராக இருந்தாலும், ஐடிஐ முடித்து முதல் வேலைக்குப் போகிறவராக இருந்தாலும், இந்தப் பாடம் உங்களுக்குத்தான்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது? பிளாஸ்டிக் முகத்துக்குப் பின்னால் ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மின்னோட்டம் நொடிக்குப் பல்லாயிரம் முதல் பல லட்சம் தடவை வரை திசை மாறி அலைகிறது. அதனால் முகத்துக்கு முன்னால் ஒரு சிறிய காந்தப்புலம் உருவாகும். அதற்குள் உலோகம் நுழைந்தால், அந்த உலோகத்தின் மேற்பரப்பில் சின்னச் சின்னச் சுழல் மின்னோட்டங்கள் கிளம்பும். அவை சுருளின் சக்தியைக் குடித்துவிடும். அலைவு சோர்ந்து போகும். சோர்வு ஓர் அளவைத் தாண்டினதும் உள்ளே இருக்கும் சர்க்யூட் சுவிட்சைப் போடுகிறது. உலோகம் விலகினால் அலைவு மீண்டும் எழும், சுவிட்ச் அணையும். உரசல் இல்லை, தேய்மானம் இல்லை. தூசியும் தண்ணீரும் எண்ணெயும் பிளாஸ்டிக்கும் மரமும் அதன் கண்ணுக்குப் படாது. மனிதத் தோலும் படாது. இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள்; பின்னால் தேவைப்படும்.

இதே தத்துவம் நீங்கள் தினமும் போகிற ரயில் பாதையிலும் இருக்கிறது. கடற்கரை – தாம்பரம் பாதையில் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. ஒரு ரயில் போன பிறகு அடுத்ததற்குப் பச்சை விளக்கு கொடுக்க வேண்டுமானால், முன்னே உள்ள பாதை காலியா என்று தெரிய வேண்டும். அதற்கான வழிகளில் ஒன்று அச்சு எண்ணும் கருவி. தண்டவாளத்தின் ஒரு பக்கம் அலை அனுப்பும் சுருள், மறுபக்கம் அதை வாங்கும் சுருள். சக்கரம் வந்தால் வாங்கும் அலை மாறும். அருகருகே இரண்டு ஜோடி வைத்திருப்பதால் ரயில் எந்தத் திசையில் போகிறது என்பதும் தெரியும். 12 பெட்டி ரயிலுக்குப் பெட்டிக்கு 4 அச்சு வீதம் 48 அச்சு. ஒரு பகுதிக்குள் 48 நுழைந்து 48 வெளியேறினால்தான் 'காலி' என்று கணக்கு முடியும். 47 வந்தால்? ஒன்று எண்ணப்படாமல் போயிருக்கலாம், அல்லது ஒரு பெட்டியே கழன்று உள்ளே நிற்கலாம். கருவி ஆராய்ச்சி செய்யாது. பாதை காலி இல்லை என்றே சொல்லும், சிவப்பு விளக்கு எரியும். பயணிக்குத் தாமதம்தான், எரிச்சல்தான். ஆனால் பிழை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறார்கள். இந்தப் பழக்கம் நம் பட்டறைகளுக்கும் வர வேண்டும்.

இனி தேர்வுக்கு வருவோம். ரிச்சி தெருக் கடையில் போய் "ஒரு எம்18 ப்ராக்ஸி குடுங்க" என்று கேட்டு வாங்கி வருவதுதான் நம் ஊர் வழக்கம். எம்18 என்பது 18 மில்லிமீட்டர் மரை. ஓட்டைக்குள் நுழையுமா என்பதை மட்டும்தான் அது சொல்லும். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது உணர் தூரம்.

லேபிளில் 2 மி.மீ., 5 மி.மீ., 8 மி.மீ. என்று ஓர் எண் இருக்கும். பொதுவாகக் கிடைக்கும் ரகங்களில், உலோகத்தில் முழுக்கப் புதைத்து மாட்டக்கூடிய எம்12-க்கு 2, எம்18-க்கு 5, எம்30-க்கு 10 மி.மீ. என்று இருக்கும். முகம் வெளியே நீட்டிக்கொண்டு இருக்க வேண்டிய ரகத்துக்கு அதே வரிசையில் 4, 8, 15. அந்த எண்ணை அப்படியே நம்பி பிராக்கெட் அடித்துவிடுகிறார்கள். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்த எண் ஒரு சோதனைக்கூட எண். 1 மி.மீ. தடிமனுள்ள சதுரமான எம்எஸ் தகடு, அதாவது சாதாரண மென் எஃகு, நேர் எதிரே வந்தால் கிடைக்கும் தூரம் அது. தகட்டின் பக்க அளவுக்கும் விதி உண்டு: சென்சார் முகத்தின் விட்டம், அல்லது உணர் தூரத்தைப் போல மூன்று மடங்கு, இரண்டில் எது பெரிதோ அது. உற்பத்தியில் பத்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். வெப்பமும் மின்னழுத்தமும் மாறினால் இன்னொரு பத்து சதவீதம். இரண்டையும் கழித்து, உறுதியாக நம்பக்கூடிய தூரம் லேபிள் எண்ணில் 0.81 பங்கு என்று சர்வதேசத் தரநிலை சொல்கிறது. 5 மி.மீ. போட்டிருந்தால் 4 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஓடும் பட்டறைக்கு இந்தக் கழிவு தேவைதான்.

அடுத்தது உலோகம். எம்எஸ் என்றால் தூரம் முழுசாகக் கிடைக்கும். எஸ்எஸ் என்றால் ஏறக்குறைய 0.7 பங்கு; அதிலும் ரகத்துக்கு ரகம் மாறும். பித்தளைக்கு 0.4-இலிருந்து 0.5, அலுமினியத்துக்கு 0.4 சுமார், செம்புக்கு அதைவிடவும் குறைவு. கரன்ட் நன்றாகக் கடத்தும் உலோகத்தைத்தான் சென்சார் நன்றாகப் பார்க்கும் என்று நாம் நினைப்போம். நடப்பது நேர் எதிர். நன்றாகக் கடத்தும் செம்பில் சுழல் மின்னோட்டம் சிரமமில்லாமல் ஓடுவதால் சக்தி அவ்வளவாக வீணாவதில்லை. சென்சாருக்குத் தேவை அந்த வீணடிப்புதான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: அலுமினியம் 0.01 மி.மீ. அளவு மெல்லிய தாளாக இருந்தால், கனத்த கட்டியைவிட நன்றாகத் தெரியும், ஏறக்குறைய இரும்பு அளவுக்கே. தாள் மெலிந்ததும் மின்னோட்டத்துக்குத் தடை கூடிவிடுகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எம்எஸ் பிராக்கெட் ஓட்டிக்கொண்டிருந்த ஜிக்கில் இப்போது அலுமினிய ஹவுசிங் ஆர்டர் வருகிறது என்று வையுங்கள். மாட்டியிருப்பது 2 மி.மீ. போட்ட எம்12. எம்எஸ்ஸுக்கு 2 பெருக்கல் 0.81, அதாவது 1.62 மி.மீ. நம்பலாம். அலுமினியத்துக்கு அதையே 0.4-ஆல் பெருக்கினால் 0.65 மி.மீ. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பாகத்தில் கொஞ்சம் பர் இருந்தாலோ ஜிக் கொஞ்சம் ஆடினாலோ சென்சார் முகமே இடிபடும். தள்ளி வைத்தால் பாகம் தெரியாது. காலையில் ஒழுங்காக ஓடும். மத்தியானம் சூடேறினதும் "அடிக்குது, அடிக்கலை" என்று கண்ணாமூச்சி ஆடும். சென்சார் போயிடுச்சு என்று புதுசு வாங்கி மாட்டுவார்கள். அதுவும் அதையேதான் செய்யும். இங்கே தேவை 8 மி.மீ. போட்ட, முகம் வெளியே நீட்டும் எம்18. 8 பெருக்கல் 0.81 பெருக்கல் 0.4 என்றால் 2.6 மி.மீ. சுமார். இடமே இல்லையென்றால், எல்லா உலோகத்தையும் ஒரே தூரத்தில் பார்க்கும் ரகமும் சந்தையில் உண்டு. விலை கூடுதல்தான். ஆனால் வாரத்துக்கு வாரம் உலோகம் மாறும் ஜாப் ஒர்க் பட்டறைக்கு அந்தக் காசு வீண் இல்லை என்பது என் கருத்து.

பாகம் சின்னதாக இருந்தாலும் தூரம் குறையும். 30 மி.மீ. முகத்துக்கு எதிரே ஒரு சின்ன ஸ்க்ரூவைக் காட்டிவிட்டு "தெரியலையே" என்றால் எப்படித் தெரியும்? சின்ன பாகத்துக்குச் சின்ன முகம்தான் சரி. கணக்கெல்லாம் போட்டு முடித்தாலும் கடைசியில் உங்கள் பாகத்தையே எதிரே வைத்து, பில்லர் கேஜ் விட்டு, எல்இடி எந்தத் தூரத்தில் எரிகிறது என்று அளந்து பாருங்கள். எரியும் தூரமும் அணையும் தூரமும் ஒன்றாக இருக்காது. அணையும் இடம் சற்றுத் தள்ளி இருக்கும். அது கோளாறு இல்லை. மெஷின் அதிரும்போது விட்டு விட்டு எரியாமல் இருக்க வேண்டுமென்றே வைத்த இடைவெளி. அளந்த எண்ணை மார்க்கரால் பிராக்கெட் மேல் எழுதி வைத்தால், அடுத்த முறை மாற்றுகிறவருக்கு உதவும்.

மாட்டும் விதத்தில் இரண்டே விஷயம். வெளியே நீட்ட வேண்டிய ரகத்தை இரும்புத் தட்டுக்குள் புதைத்தால், அது அந்தத் தட்டையே 'பாகம்' என்று நினைத்து எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். இரண்டு சென்சாரைப் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கி வைத்தால் ஒன்றின் புலம் மற்றொன்றைக் குழப்பும். புதைக்கும் ரகத்துக்குக் குறைந்தது ஒரு விட்ட அளவு இடைவெளி விடுங்கள்; நீட்டும் ரகத்துக்கு அதைவிட அதிகம் வேண்டும். எவ்வளவு என்பது கூடவே வரும் தாளில் படமாகப் போட்டிருக்கும். அந்தத் தாளைக் கடையிலேயே கசக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வேகமாக எண்ண வேண்டிய இடங்களும் உண்டு. 20 பல் உள்ள கியர் நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றினால், நொடிக்கு 10 சுற்று, 200 பல். சென்சார் நொடிக்கு 200 தடவை அணைந்து எரிய வேண்டும். ஏசி மின்சாரத்தில் நேரடியாக ஓடும் இரண்டு வயர் ரகங்கள் பெரும்பாலும் நொடிக்குச் சில பத்து தடவைக்கு மேல் தாங்காது. டிசி ரகங்கள் பல நூறும் அதற்கு மேலும் போகும். எண்ணும் வேலை என்றால் இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

வயரிங்கில் நிறங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: பழுப்பு பாசிட்டிவ், நீலம் நெகட்டிவ், கருப்பு சிக்னல். 10 முதல் 30 வோல்ட் டிசி வரை ஓடும். நம் பேனல்களில் வழக்கமாக 24. குழப்பம் வருவது பிஎன்பி, என்பிஎன் என்ற இரண்டு ரகத்தில். பிஎன்பி சிக்னல் வயரில் பாசிட்டிவைத் தரும். என்பிஎன் சிக்னல் வயரை நெகட்டிவோடு சேர்க்கும். எல்இடி எரியும், ஆனால் பிஎல்சியில் இன்புட் வராது. "சென்சார் நல்லாத்தான் இருக்கு, பிஎல்சி போச்சு" என்று ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் முடிவுக்கு வருவார்கள். பழையதைக் கழற்றும்போது அதன் முழு எண்ணையும் போனில் படம் எடுத்துக்கொண்டால் இந்த வம்பு இல்லை. இன்னொன்று, இரண்டு வயர் ரகத்தைச் சோதிக்கிறேன் என்று ரிலேயோ பல்போ இல்லாமல் நேராகச் சப்ளையில் கொடுத்துவிடாதீர்கள். அந்த நிமிடமே அது குப்பைக்குப் போய்விடும்.

அச்சு எண்ணும் கருவியில் பார்த்த பழக்கத்துக்கு இங்கேதான் இடம். சென்சாரில் நார்மலி ஓப்பன், நார்மலி குளோஸ்டு என்று இரு வகை. ஒரு ஸ்லைடு ஓடுகிறது. கடைசி எல்லையில் சென்சார் பார்த்து நிறுத்த வேண்டும். ஓப்பன் வகையில், எல்லைக்கு வந்தால்தான் சிக்னல் வரும். எலி வயரைக் கடித்துவிட்டால் சிக்னல் வரவே வராது; ஸ்லைடு போய் முட்டும். குளோஸ்டு வகையில், சிக்னல் இருக்கும்வரை ஓடலாம், இல்லாவிட்டால் நில் என்று இணைப்போம். வயர் அறுந்தாலும் கனெக்டர் கழன்றாலும் மெஷின் நிற்கும். நின்ற மெஷினுக்குத் திட்டு விழும், ஆனால் பால் ஸ்க்ரூ வளையாது. நிறுத்தும் வேலைக்கு எப்போதும் இந்த இரண்டாவது வகையைப் போடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழை நமக்குப் புதிதல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தை முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் யாரும் மறக்கவில்லை. ஐபி67 என்று போட்ட சென்சார் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதிக்கப்பட்டது. ஆனால் தண்ணீரைத்தான் அந்த எண் சொல்கிறது, கூலன்ட் ஆயிலைச் சொல்லவில்லை. ஆயில் தெறிக்கும் இடத்தில் சாதாரண பிவிசி வயர் நாளடைவில் விறைத்து வெடிக்கும். பியூஆர் வயர் உள்ளதைக் கேளுங்கள். பெரும்பாலும் சென்சாருக்கு முன்னால் கனெக்டரில்தான் தண்ணீர் ஏறுகிறது. முகத்தில் இரும்புத் துகள் அப்பிக்கொண்டால் அதையே பாகம் என்று காட்டும். வாரம் ஒருமுறை துணியால் துடைத்தால் போதும்.

இப்போது முன்பு நினைவில் வைக்கச் சொன்ன வரிக்கு வருவோம். பவர் பிரஸ்ஸில் தகடு சரியாக உட்கார்ந்ததா, முந்தைய பாகம் வெளியே விழுந்ததா என்று பார்க்க ப்ராக்ஸி அருமையான கருவி. கையைப் பார்க்க அது உதவாது. கை உலோகம் இல்லை. டைக்குள் முழங்கை வரை விட்டாலும் இந்தச் சென்சாருக்குத் தெரியாது. "அதான் சென்சார் இருக்கே" என்று புதிதாக வந்த பையனிடம் யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். கைக்கு வேண்டியது தடுப்பு வேலி, இரண்டு கையாலும் அழுத்தினால்தான் இறங்கும் இரட்டைப் பொத்தான், ஒளித்திரை போன்றவை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவே இயந்திரங்களின் ஆபத்தான பாகங்களுக்கு வேலி போட வேண்டும் என்று அன்றே சொல்லியிருந்தது.

வேலிக் கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சாதாரண ப்ராக்ஸியை மாட்டும் வழக்கமும் இருக்கிறது. கதவில் ஒரு இரும்புத் துண்டு, சட்டத்தில் சென்சார். உற்பத்தி அவசரத்தில் அதன் முகத்தில் ஒரு வாஷரை டேப் போட்டு ஒட்டிவிட்டால் முடிந்தது கதை: கதவு திறந்தே கிடக்கும், மெஷின் ஓடும். எந்த உலோகமும் அதற்கு ஒன்றுதான், கதவா வாஷரா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இதற்கென்று குறியீடு பதித்த பாதுகாப்புச் சுவிட்சுகள் தனியாக வருகின்றன; தன் ஜோடியைத் தவிர வேறெதையும் அவை ஏற்காது. உங்கள் கடையில் ஒட்டிய வாஷர் எங்காவது இருந்தால், இதைப் படித்து முடித்ததும் போய்ப் பிய்த்துவிடுங்கள். ஒட்டியவரைத் திட்டுவதைவிட, அந்தக் கதவைத் திறந்து வைத்தால்தான் வேலை ஓடும் என்ற நிலை ஏன் வந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் தகடு சிக்கிக்கொள்வதோ, ஸ்கிராப் தேங்குவதோதான் காரணமாக இருக்கும்.

பாதுகாப்பு ஏற்பாடுகள் பற்றிய சந்தேகத்துக்கும் புகாருக்கும் மாநிலத்தின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தை அணுகலாம். வேலையில் காயம் பட்டால், இஎஸ்ஐ பதிவுள்ள தொழிலாளிக்கு, சேர்ந்து ஒரு நாளே ஆகியிருந்தாலும், சந்தா கட்டிய கணக்கு பார்க்காமல், வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் உண்டு. நிறுவனம் விபத்து அறிக்கையை இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறதா என்று வீட்டார் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டால் பின்னால் அலைச்சல்.

இதை முறையாகக் கற்க விரும்புகிறவர்களுக்கு அரசு ஐடிஐகளில் எலக்ட்ரீசியன், எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் போன்ற பிரிவுகள் இருக்கின்றன. கிண்டியிலும் ஒரகடத்திலும் அரசு ஐடிஐ உண்டு. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து தமிழகத்தில் 71 அரசு ஐடிஐகளை நவீனப்படுத்தும் திட்டத்தில் சென்சார், பிஎல்சி, ரோபோ போன்றவற்றைக் கையால் தொட்டுப் பழகும் கூடங்கள் வந்திருக்கின்றன. மகளுக்கோ மகனுக்கோ இடம் தேடும் பெற்றோர் சேர்க்கைக் காலத்தில் புதிய பிரிவுகளின் பெயரையும் கேட்டுப் பார்க்கலாம்.

பட்டறைக்குப் புதிய மெஷின் வாங்க முதலீட்டு மானியம் பற்றி விசாரிக்க மாவட்டத் தொழில் மையத்துக்குப் போக வேண்டும். எந்த மாவட்டம் என்பதில் மட்டும் கவனம். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் எல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். திருமுடிவாக்கமும் ஒரகடமும் காஞ்சிபுரம் மாவட்டம். வீடு தாம்பரத்திலும் பட்டறை திருமுடிவாக்கத்திலும் இருந்தால், பட்டறை முகவரிக்குரிய காஞ்சிபுரம் மையத்தில் கேளுங்கள். மெஷினுக்கு விலைப்புள்ளி வாங்கும்போதே அதில் பாதுகாப்பு வேலியும் கதவுச் சுவிட்சும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு தனியாகச் சேர்த்தால் செலவு அதிகம்.